சுங்கச்சாவடியில் செவலை

மாடு வளர்த்து லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொட்டாவிதான் வரும். ஐம்பதுகளின் தொடக்கத்தில், சுரக்குடியில், நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். என்னிடம் செவலையையும் சேர்த்து மூன்று பசுக்கள். வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு, என் பிராணன் எல்லாவற்றையும் தின்றுவிட்டுச் சாணி போட்டன. (சாணியில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.) நல்ல சாதிக் கன்றுகளை வளர்த்து விற்றால்தான் பண்ணை பிழைக்கும் என்று மாமனாரிடம் பிரசங்கம் செய்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம், இந்திய யூனியனில், அவருக்கு ஒரு நெல் ஆலையும் அருமையான உம்பளச்சேரிக் காளையும் இருந்தன.

“சரி மாப்ளே, செவலையை எங்க காளைக்கு ஓட்டிட்டு வாங்க. நல்ல கன்னு விழுந்தா பண்ணையை நடத்துங்க. இல்லேன்னா ஆலையில வந்து கணக்கு எழுதுங்க” என்றார்.

மாமனாரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் விடிந்ததும் செவலை கத்த ஆரம்பித்தது. பசு காளைக்குக் கத்தினால் அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். மனைவி கயிற்றை என் கையில் கொடுத்து, “சாவடியில வாயத் தொறக்காம போயிட்டு வாங்க” என்றாள்.

எல்லையில் மூங்கில் தடுப்பு. ஊர்க்காரர்கள் மாட்டோடு வந்தால் இந்தியச் சுங்கக்காரர் தலையசைப்பார், போகலாம். அன்றும் தடுப்பைத் தூக்கிவிட்டுத் தலையசைக்கத் தொடங்கினார். எனக்குத்தான் நாக்கு நிற்கவில்லை.

“ஒரு சந்தேகங்க. இப்ப ஒத்த மாடாப் போறேன். திரும்புறப்ப வயித்துல ஒண்ணு இருக்கும். அதுக்குத் தீர்வை உண்டா?”

அவர் தலை பாதியில் நின்றது. “கெடையாதுன்னுதான் நெனைக்கிறேன்.”

“கெடையாதுங்கிறதுக்கு என்கிட்ட மூணு காரணம் இருக்குங்க.”

முதல் காரணத்தை நான் முடிப்பதற்குள் அவருக்கே பயம் வந்துவிட்டது. “இருங்க. மேலதிகாரி சாப்பிடப் போயிருக்காரு. அவரைக் கேக்காம விட முடியாது.” தடுப்பு இறங்கியது.

செவலையை வேலிக் கம்பத்தில் கட்டிவிட்டு, இரண்டாவது காரணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. செவலை ஊரே கேட்கும்படி கத்தியது. கேட்டது ஒரு தெருக்காளை. விலா எலும்பு தெரிய, ஒரு கொம்பு மடங்கி, யாருக்கும் சொந்தமில்லாத பிராணி. யாரிடமும் எந்தச் சந்தேகமும் கேட்காமல் நேரே செவலையிடம் போயிற்று.

“ஏய்! ஏய்!” என்று நான் கத்தினேன். சுங்கக்காரர் தடியால் மேசையைத் தட்டினார். கிட்டே போக இருவருக்குமே தைரியமில்லை. (அந்த ஒரு விஷயத்தில் இரண்டு தேசமும் ஒற்றுமை.) வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். சத்தம் கேட்டு ஆலையிலிருந்து வந்த மாமனாரும் அந்தப் பக்கம் நின்று முழுக்கப் பார்த்தார்.

“ஆச்சா மாப்ளே?” என்றார்.

சுங்கக்காரர் என்னிடம் மரியாதையாகச் சொன்னார்: “காளை உங்க பக்கத்துதுதாங்க. தீர்வை இல்லை.”

கன்று அப்பனை உரித்து வைத்திருந்தது. இனாமாகக்கூட எவனும் கேட்கவில்லை. மாடுகளைக் கொடுத்துவிட்டு ஆலைக்குப் போன முதல் நாள், மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். அடுத்து வந்த வருஷங்களில் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், சாவடியையும் பிரித்துவிட்டார்கள். நான் மட்டும் ஆலையிலேயே கிழவனானேன்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்து, “இதுக்கு முதல் காரணம்…” என்றால், அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்.

“சீக்கிரம் முடிங்க. காளை வந்துடப் போவுது.”

பேரப்பிள்ளைகள் வரை சிரிக்கிறார்கள். இரண்டாவது காரணத்தை நான் யாரிடமும் சொல்லி முடித்ததே இல்லை.