ஏழாம் எண் வட்டம்

ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் பிரதேச சபை ஒட்டியிருந்த அபிவிருத்தி வரைபடத்தின் முன்னால் வினோதா நின்றாள். சிவப்பு வட்டம், அதற்குள் ஏழு. வட்டம் கீழ் லயத்து வரிசை வீடுகளில், தெரேசாவின் வீட்டுக்குப் பின்னால் விழுந்திருந்தது.

ஏழு என்றால் என்ன என்பது சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதன் கீழே யாரோ பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார்கள்: கொங்கிரீட் பாதை, தண்ணீர், லைட், உட்கார மண்டபம்.

யாரிடமாவது கேட்கலாம். கேட்டால், தெரேசாவுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று ஆகிவிடும்.

கூரைத் தகரம் மாற்றினாலும் கீழ் லயம்தான் முதலில். குழாய் வந்தாலும் அதுதான் முதலில். ஆறு வருடமாக வினோதாவின் வயிறு அந்தத் திசையைப் பார்த்தே எரிந்துகொண்டிருந்தது.

சபையின் வெளிக்கள உத்தியோகத்தர் திலக்ஷனைப் பிடித்தாள். இடம் மாற்ற இருபத்தைந்து கையெழுத்தும், வேறு துண்டு நிலமும் வேண்டுமென்றான்.

அவள் இருந்த மேல் லயத்தில் சிலர் என்ன வரப்போகிறது என்று கேட்டார்கள்.

"கீழ் லயத்துக்கு வருது. அதுக்கு மேல என்னா தெரியணும்?"

அது போதுமானதாக இருந்தது. இருபத்துநான்கு சேர்ந்தது. இருபத்தைந்தாவதாகக் கணவன் சின்னத்தம்பியிடம் நீட்டினாள். வீட்டுக்கு முன்னால் காய்க்காக வைத்திருந்த போஞ்சிப் பாத்திதான் அவன் உயிர். நிலமென்று அவள் காட்டப்போவதும் அதைத்தான்.

"என்னா கட்டப்போறாங்கன்னு கேட்டியா?"

"தெரேசா கேக்காமலா வாங்குவா?"

அவன் பேனாவைத் தொடவில்லை. எழுந்து பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.

மறுநாள் காலையில் தெரேசாவே ஏறி வந்து, கேட்காமலே இருபத்தைந்தாவது கையெழுத்தைப் போட்டாள்.

"மனசார சொல்றேன் வினோதா. ஒங்க பக்கமே வரட்டும்."

பெரிய மனசு காட்டுகிறாளாம். வினோதாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கடைசி மணி நேரத்தில் சபைக்கு ஓடிப்போய், வரைபடத்தில் போஞ்சிப் பாத்தியின் மேல் விரலை வைத்தாள். திலக்ஷன் விரலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வீட்டுக்கு இவ்வளவு கிட்டவாங்க?"

"இன்னும் கிட்ட வந்தாலும் சரி."

"ஒங்கள மாதிரி நெனைக்கிறவங்க கொறைவு. என்னைக்கோ ஒருநாள் எல்லாருக்கும் தேவைப்படுறதுதானே" என்று நெகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டான்.

பதினொரு நாள் கழித்து, சபைத் தொழிலாளி மாயாண்டி முளைக்கட்டையோடு வந்து போஞ்சிக் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார். சின்னத்தம்பி கதவைச் சாத்திக்கொண்டான். வினோதா பிளேன்டீ எடுத்துக்கொண்டு போனாள். கீழ் லயத்துக்குக் கேட்கும்படி சத்தமாகவே விசாரித்தாள்.

"அண்ணே, வாசல் எங்க வீட்டப் பாத்துத்தானே வருது?"

"ஆமாம்மா. நேரா ஒங்க வாசலப் பாத்துத்தான்."

கீழே தெரேசா துணி காயப்போட்டுக்கொண்டே கையசைத்தாள். வினோதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாயாண்டி டீயை முழுதாகக் குடித்துவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"முப்பது வருசமா முளை அடிக்கிறேன். பொணம் எரிக்கிற எடம் வேணாம்னு கையெழுத்து சேத்தவங்களத்தான் பாத்திருக்கேன். வீட்டு வாசல்லயே வேணும்னு சேத்த மொத ஆளு நீங்கதாம்மா."