பஃப்கையின் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

பெண்களை முதுகைப் பார்த்தே பெயர் சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் என் அறைத்தோழிதான். முகத்தைக் காட்டினால், "யாருட்டி இது, எங்கயோ பாத்தாப்புல இருக்கே?" என்று முழிப்பாள். அதே ஆள் திரும்பி நின்றால் போதும். "பானைக் கழுத்து, கீழ்ப்பட்டி அரை இஞ்சு எறக்கம், எடது தோள் தூக்கல்... நம்ம வார்டன் அம்மா!" என்பாள். வார்டன் அம்மாவேதான்.

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டலில் நாங்கள் இருந்தோம். நான் பஞ்சாலை ஆபீஸில் டைப்பிஸ்ட். அவள் பேண்டேஜ் கம்பெனியில் பேண்டேஜைச் சுருட்டி உறையில் போடும் வேலையில் இருந்தாள். அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று அவளுக்கு உண்டு; அது வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. ஹாஸ்டலுக்கு வந்த முதல் நாளே அவளுக்கு நாங்கள் பெயர் வைத்துவிட்டோம். ரவிக்கையின் இரண்டு கைகளும் தோளில் இரண்டு பூசணிக்காய்களை ஏற்றி வைத்ததுபோல உப்பியிருந்தன. அறைக்குள் அவள் ஒருக்களித்துத்தான் நுழைந்தாள். வார்டன் அம்மா தெலுங்குக்காரர். "ஏமம்மா இது?" என்று பதறினார்.

"பஃப் கைம்மா. நானே தைச்சேன்."

அன்றிலிருந்து அவள் பஃப்கை.

அந்த உப்பலுக்கு ஒரு ரகசியம் இருந்தது. கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியை மடித்து மடித்துக் கைக்குள் திணித்திருந்தாள். அது நின்ற நிலை குலையாமல் நின்றது. ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் கோடை மழை பிடிக்கும் வரை. காயத்தின் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே நெய்த துணி மழையை மட்டும் விட்டுவைக்குமா? நாங்கள் டவுன் பஸ்ஸில் ஏறியபோது பஃப்கையின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு தவலை தண்ணீர். அவள் மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மறுபடியும் மழை.

கண்டக்டர் கத்தினார்: "யம்மா, பஸ்ஸுக்குள்ள தண்ணிக் கொடம் கொண்டு வரக் கூடாதும்மா!"

"கொடம் இல்லண்ணே. கை."

கண்டக்டர் அப்புறம் எங்களிடம் டிக்கெட்டே கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தச் சித்திரையில்தான் அவளுடைய அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. பட்டாளத்தில் இருந்தவர். அவர் எழுதும் கடிதமும் பட்டாளத்து உத்தரவு மாதிரியே இருக்கும். "ஆனியில் லீவில் வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. அதற்குள் வேலையை விட்டுவிட்டு வீடு வந்து சேரவும்." வீடு என்பது பிளவக்கல் அணைக்குக் கீழே இருந்த ஒரு கிராமம். நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். மகள் வேலைக்குப் போவதே அங்கே பெரிய சண்டைக்குப் பிறகு கிடைத்த சலுகை.

அவள் அழுவாள் என்று நான் கைக்குட்டையோடு காத்திருந்தேன். அவளோ சுவரில் தொங்கிய காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் பரப்பினாள்.

"எட்டு ஞாயித்துக்கெழம இருக்குட்டி."

"எதுக்கு?"

"பாக்க."

"யாரப் பாக்க?"

"எல்லாரையும்! அந்த வீட்டுக்குள்ள போய் ஒக்காந்துட்டா பொறவு நான் யாரப் பாக்கப் போறேன்? மாட்டையும் மாமியாரையுந்தான. ஒரு ஜனம் என்னென்ன உடுத்துது, எப்படித் தைக்குதுன்னு பாத்து எழுதிக்கிடுதேன். நீயும் வா. தனியாப் போனா வார்டன் விடமாட்டாவ."

நான் போனேன். என் வாழ்க்கையின் முதல் உல்லாசப் பயணம் இப்படி முன்பின் தெரியாதவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எல்லாரும் பால்கோவா வாங்கப் போவார்கள். நாங்கள் போய் பஸ் ஸ்டாண்டில் படி இறங்கும் பெண்களை ஒரு மணி நேரம் பார்த்தோம். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் கழுத்து, கை, முடிச்சு என்று வரைந்து, பக்கத்திலேயே "சங்கரன்கோவில் பஸ், பச்சை சேலை" என்று விலாசமும் எழுதிக்கொள்வாள். அப்புறம் கோயில். உற்சவத் தாயாருக்கு அன்று சாய்ந்த கொண்டை போட்டு அலங்காரம் செய்திருந்தார்கள். கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பஃப்கை மட்டும் இந்தப் பக்கம் எட்டி, அந்தப் பக்கம் எட்டி, கடைசியில் பட்டரிடமே கேட்டுவிட்டாள்.

"சாமி, தாயாரச் செத்த திருப்பிக் காட்டுவியளா?"

பட்டர் தீபாராதனைத் தட்டோடு உறைந்துபோனார். "திருப்பியா? எதுக்கும்மா?"

"கொண்டை சாயாம எப்படி நிக்குதுன்னு பின்னால பாக்கணும்."

அவளைத் தெரியாதவள்போல நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் பட்டர் கோபிக்கவில்லை. "பிள்ளை வேணும், வேலை வேணும்னுதான் கேப்பா. நீ ஒருத்திதான் கொண்டை கேட்டிருக்கே" என்று சிரித்து, தன் குடுமியிலேயே விரலைச் சுழற்றி முடிச்சு போடும் விதத்தைக் காட்டினார். மறுநாள் அவள் அதே கொண்டையோடு கம்பெனிக்குப் போனாள். அங்கே எல்லாரும் தலையில் துணித்தொப்பி போட வேண்டும். சாய்ந்த கொண்டையின் மேல் தொப்பி உட்காரவே இல்லை. அவள் குனியும்போதெல்லாம் அது பக்கத்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் வேறு வழியில்லாமல் அவளை ஒருநாள் முழுக்கக் கணக்கு நோட்டுக்குக் கோடு போட உட்கார்த்தி வைத்தார்.

இன்னொரு ஞாயிறு கிருஷ்ணன்கோவில். அங்கே என்ஜினீயரிங் படிக்கும் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். சுடிதார் என்பது எங்கள் பக்கம் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. இவள் நோட்டோடு சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த ஒரு பெண், "எந்தப் பத்திரிகைக்கா நீங்க?" என்று கேட்டாள். இவள் கண்ணை இமைக்காமல், "எல்லாப் பத்திரிகையும்" என்றாள். எட்டுப் பெண்கள் வரிசையில் நின்று முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினார்கள். அவர்களில் யாராவது அடுத்த வாரம் தன் படத்தைத் தேடிப் பத்திரிகை வாங்கியிருந்தால், தாமதமாக இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

குற்றாலத்தில்தான் மாட்டிக்கொண்டோம். சாரல் தொடங்கியிருந்தது. செங்கோட்டை பாசஞ்சரில் போய்த் தென்காசியில் இறங்கி அருவிக்குப் போனோம். பஃப்கைக்கு அருவியெல்லாம் கண்ணில் படவில்லை. பெண்கள் குளிக்கும் பக்கத்துப் பாறைகளில் நாலு மாவட்டத்து ரவிக்கைகளும், போதாததற்கு மலையாளத்து ரவிக்கைகளும் காய்ந்துகொண்டிருந்தன. இவள் ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, யாருட்டி அவ? துணியத் திருடுதா பாரு!"

"திருடலக்கா! திருப்பிப் பாக்கேன்!"

யார் கேட்கிறார்கள்? பத்துப் பதினைந்து ஈரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண் போலீஸ் வந்து கையைப் பிடித்தார். நான் அழத் தொடங்கினேன். அந்த நேரத்திலும் பஃப்கை கையிலிருந்த ஒரு மஞ்சள் ரவிக்கையை விடவில்லை. "இது யாரோடதுக்கா? அக்குள்ல ஒரு சதுரத் துண்டு வச்சுத் தைச்சிருக்கு பாருங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லிருங்க. பொறவு என்னை எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

கூட்டத்திலிருந்து ஒரு பருத்த மலையாளத்து அம்மாள் முன்னால் வந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அருவியைக் கும்பிடுவதுபோல ஒருமுறை ஆட்டிக் காட்டினார். அவ்வளவுதான். கை இழுபடாமல் மேலே போகத்தான் அந்தச் சதுரம் என்று புரிந்து பஃப்கையின் முகம் பிரகாசமானதை நான் பார்த்தேன். பெண் போலீஸ் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "போங்க. ஆனா அடுத்தவங்க துணியத் தொடாம வரையணும்" என்று சொல்லி அனுப்பினார்.

எட்டாவது ஞாயிறும் வந்தது. அன்று பெண் பார்க்கும் படலம். துணைக்கு நானும் கிராமத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் விறைப்பாக வாசலில் நின்றார். மாப்பிள்ளை சாந்தமான ஆள். தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா மீசையை முறுக்கிக்கொண்டே பேசினார். அம்மா கனமான, கம்பீரமான பெண்மணி. ஆனால் காபி கொடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன்: அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டு போகவில்லை, வாயைத்தான் டம்ளருக்குக் கொண்டு வந்தார். பஃப்கையும் கவனித்துவிட்டாள். மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டியவள் மாமியாரின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பேசி முடித்து, பெண்ணுக்குப் பூ வைக்க அந்த அம்மாள் எழுந்தார். மல்லிகைச் சரத்தோடு கையை உயர்த்தினார்.

டர்ர்ர்.

அக்குளில் தொடங்கி இடுப்பு வரை ரவிக்கை கிழிந்தது. யாரோ ஒரு பெரியவர், "பூ வைக்கையில இப்படியா? அபசகுனமாவுல்ல இருக்கு" என்றார்.

பஃப்கை நிமிர்ந்தாள். "அபசகுனம் இல்ல தாத்தா. அக்குள் வெட்டு தப்பு."

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்து, "உள்ள வாங்கத்தே" என்று அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அரை மணி நேரம். வெளியே ஆண்களுக்கு இரண்டாவது காபி போயிற்று. உள்ளே அவள் தன் புதுச் சேலையின் ரவிக்கைத் துணியிலிருந்து சதுரமாக இரண்டு துண்டு வெட்டி, இரண்டு அக்குளிலும் வைத்து, கையாலேயே தைத்து முடித்தாள்.

கதவு திறந்தது. அந்த அம்மாள் இரண்டு கைகளையும் உயரே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ஏலே, இங்க பாருலே!" என்றார் மகனிடம். "கை மேல போவுதுலே! எத்தன வருசமாச்சு!" இறக்கினார். மறுபடி தூக்கினார். உத்தரத்தைத் தொடப் பார்த்தார். தலைகுனிந்திருந்த மாப்பிள்ளை அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தில் அந்த அம்மாள் பெண்ணைக் கேட்டார்: "ஒனக்கு என் மவனைப் பிடிச்சிருக்கா தாயி?"

"அவிய மொகத்த நான் இன்னும் சரியாப் பாக்கலத்தே." பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு தையக்கடை போடணும். கல்யாணத்துக்குப் பொறவு அதுக்கு விடுவியளா? அத மட்டும் இப்பவே சொல்லிருங்க."

மீசைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க வீட்டுப் பொம்பளைக அளவெடுக்க நாடா பிடிச்சிட்டு நிக்க மாட்டாக" என்று எழுந்துவிட்டார். சம்பந்தம் அங்கேயே முடிந்தது. அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. லீவு இன்னும் இருக்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டாளத்துக்குத் திரும்பிப் போனார். அவள் ஹாஸ்டலுக்கு வந்து மூன்று நாள் நோட்டைத் திறக்கவில்லை. "தப்பாப் பேசிட்டேனாட்டி?" என்று மட்டும் என்னை அடிக்கடி கேட்டாள். நான் இல்லை என்றேன். எனக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஹாஸ்டல் வாசலில் ஒரு குதிரை வண்டி நின்றது. இறங்கியவர் அந்த அம்மாள். கையில் ஒரு பெரிய மஞ்சள் பை. அதற்குள் பதினோரு ரவிக்கைகள்.

"சம்பந்தம் அவிய பேச்சு" என்றார் பஃப்கையிடம். "ரவிக்கை என் பேச்சு. எல்லாத்துக்கும் அந்தச் சதுரத்த வச்சுக் குடு."

அதோடு நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய அப்பா அவருக்கென்று எழுதி வைத்த வீடு ஒன்று இருந்தது. அதன் முன்னறையைத் திறந்து, பஃப்கைக்குத் தையல் மிஷின் போட இடம் கொடுத்தார். மீசைக்காரர் நாலு நாள் வீட்டில் சாப்பிடவில்லையாம். ஐந்தாம் நாள் சாப்பிட்டுவிட்டாராம். ஆறு மாதத்தில் அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் தாராளமாகக் கையைத் தூக்கித் துணி காயப்போட்டார்கள்.

அண்ணன்தான் பேசாமலே இருந்தார். ஒருநாள் வடக்கே எங்கிருந்தோ அவரிடமிருந்து ஒரு உறை வந்தது. பிரிக்க பயந்து என்னிடம் கொடுத்தாள். உள்ளே ஒரு காகிதத்தில் பென்சிலால் ஒரு படம். முதலில் அதைத் துப்பாக்கி என்றுதான் நினைத்தோம். கீழே எழுதியிருந்தார்: "இங்கே பெண்கள் போடும் சட்டைக் கை இப்படி இருக்கிறது. மணிக்கட்டில் சுருக்கம். படம் சரியாக வரவில்லை." அதைக் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டினாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு மதுரையில் வேறு வேலை கிடைத்தது. இராஜபாளையத்தில் ரயில் ஏறினேன். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் வந்து நிற்பதாக பஃப்கை சொல்லியிருந்தாள். பால்கோவாப் பொட்டலத்தோடு பெட்டிக்குள் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி ஊதியது.

"எறங்குட்டி, நகருது!"

"சிவகாசில எறங்கிக்கிடுதேன்."

சிவகாசி வந்தது. "விருதுநகர்ல இன்னும் நல்ல வண்டி கிடைக்கும்" என்றாள். விருதுநகர் வந்தபோது இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மதுரையில் இறங்கினோம். அவள் திரும்பிப் போகும் வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. என் டிரங்குப் பெட்டியின் மேல் ஒட்டி உட்கார்ந்து, எதைப் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒலிபெருக்கியில், அவள் ஏற வேண்டிய செங்கோட்டை வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம் என்றார்கள். பிளாட்பாரம் முழுக்க ரயில்வேயைத் திட்டியது. தாமதமான ரயிலுக்காக நான் சந்தோஷப்பட்டது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.