ஜோடிக் கிழங்கு

"வாயைத் தொறக்க மாட்டேன்னு இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் மனைவி.

"தொறக்க மாட்டேன்," என்றார் அகராதி.

அவர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். எந்தச் சொல் காதில் விழுந்தாலும் அதன் வேர்வரை தோண்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். மச்சான் புதுவீடு கட்டி 'வில்லா' என்று பெயர் பொறித்தபோது, வில்லாவும் வில்லனும் ஒரே வேரில் பிறந்தவை என்று விருந்தாளிகள் முன்னால் விளக்கிவிட்டார். அதோடு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போதுதான் மச்சான் மனமிரங்கி, கடைத் திறப்புக்குக் கூப்பிட்டிருந்தார். இதையும் கெடுத்தால் அண்ணன் உறவு அவ்வளவுதான் என்று மனைவி வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

கடைவாசலில் பெயின்டர் ஏணிமேல் நின்று பலகையை முடித்துக்கொண்டிருந்தார். 'ஆர்க்கிட் பெண்கள் அழகு நிலையம்.'

அகராதி வாசலிலேயே நின்றுவிட்டார். ஆர்க்கிட் பூ அழகுதான். ஆனால் அந்தச் செடிக்கு அடியில் கிழங்கு இரண்டிரண்டாக இருந்ததைப் பார்த்த பழைய கிரேக்கர்கள், ஆணின் விரைக்கு உள்ள சொல்லையே எடுத்து அதற்கு வைத்துவிட்டார்கள்.

"வாங்க மாப்பிள்ளை," என்று மச்சான் தோளில் கை போட்டார். "பழசையெல்லாம் விடுங்க. பேருக்கு அர்த்தம் சொல்லுங்க."

"பூ, மச்சான்."

"அது எனக்கே தெரியுமே. வேர் எங்கேருந்து வந்துச்சு?"

மனைவி முறைத்தாள். "கிழங்குலேருந்து," என்று மென்று விழுங்கினார் அகராதி. "ரெண்டு ரெண்டா இருக்கும்."

"ஜோடியா? நல்லாயிருக்கே. பெயின்டரே, பூவுக்குக் கீழ ரெண்டு கிழங்கு போடுங்க. தெருமுனையிலேருந்தே தெரியணும்."

"ஒரே அளவா வேண்டாம்," என்றாள் பக்கத்தில் நின்ற மச்சான் மனைவி. "ஒண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கட்டும்."

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு," என்றார் மச்சான். அவள் சும்மா இருந்தாள்.

கிழங்குகள் உருண்டு திரண்டு வருவதைப் பார்க்க அகராதிக்கு மனசு கேட்கவில்லை. "கிழங்கெல்லாம் எதுக்கு மச்சான்? அது ஏதோ கிரேக்கச் சமாச்சாரம்."

"கிரேக்கமா? அந்தச் சொல் என்ன?"

"ஆர்க்கிஸ்," என்றது பாழாய்ப்போன வாய்.

அதுவும் படத்துக்குக் கீழே சிவப்பில் ஏறியது.

விழா தொடங்கியது. தலைமை தாங்க வந்த லேடி டாக்டர் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"எங்க கடைக்கு வேரே ஆர்க்கிஸ்தான்," என்று மைக்கில் முழங்கினார் மச்சான். "அதுக்கு அர்த்தம் என்னன்னு மாப்பிள்ளை சொல்வார்."

அகராதி மைக்கை வாங்கினார். முன்வரிசையில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பொய் சொல்ல அவருக்கு வராது, உண்மையைச் சொன்னால் வீடு போய்ச் சேர முடியாது.

"குடும்பம் தழைக்கணும்னா," என்றார், "அது இல்லாம முடியாதுங்க."

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. மச்சான் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். மனைவி கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். டாக்டர் அவசரமாக எழுந்து வெளியே போய்விட்டார்.

அகராதி பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினார். மச்சான் மனைவி துண்டை நீட்டினாள்.

"அக்கா, எப்படியாவது இந்தப் பேரை மாத்தச் சொல்லுங்க. காரணம் மட்டும் கேக்காதீங்க. எவன் இவருக்கு இந்தப் பேரை எடுத்துக் குடுத்தான்?"

"நான்தான், தம்பி," என்றாள் அவள். "காலேஜ்ல தாவரவியல் படிச்சவளைப் பார்த்து தினமும் 'உனக்கென்ன தெரியும்'னு கேட்டா, ஒருநாளாவது பதில் சொல்ல வேண்டாமா?"