அம்மன் முத்தும் பச்சைப் பூச்சியும்

திருப்புலிவனம் போகிற ரோட்டு மாந்தோப்பில் கிளிச்சாமி வந்து இறங்கியதிலிருந்து, உத்திரமேரூர் ஷேர் ஆட்டோக்களுக்கு வேறு ஊரே தெரியவில்லை. பிள்ளையில்லாதவர்கள் எல்லாம் அங்கேதான். காலையில் சாமி ஒரு கண்ணாடி பாட்டில் தருவார். உள்ளே ஒரு பச்சை வெட்டுக்கிளி. அதன் வால்புறத்தில் வேகவைத்த ஜவ்வரிசி போல வெள்ளை உருண்டை. அம்மன் முத்து! உடனே சிவப்புத் துணியால் மூடிக் கட்டிவிடுவார். நடுவில் அவிழ்த்தால் கண் போய்விடுமாம். வீட்டில் வைத்திருந்து சாயங்காலம் கொண்டுவந்தால் அவரே அவிழ்ப்பார். முத்து இருந்தால் பிள்ளை உண்டு. இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்குத் தோஷம். பரிகாரம் செய்ய வேண்டும்.

ஒருத்திக்கும் முத்து இருந்ததில்லை. நம்ம தாலுகாவில் இத்தனை தோஷக்காரிகளா என்று வியந்தோமே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

சிரிக்காதீர்கள், நானும் போனேன். எனக்கல்ல, சினை பிடிக்காத என் எருமைக்கு. தொழுவத்தில் வைத்த பாட்டிலிலும் முத்து காணவில்லை. எருமைக்கும் தோஷமாம். பரிகாரமாக எலுமிச்சை மாலை போட்டேன். மாலையைத் தின்றுவிட்டு அது என்னைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுத் தாயாரம்மாளைக் கிளப்பிவிட்டதும் நான்தான். அவள் மருமகள் ஜெயப்பிரியாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை முத்து மறைந்திருந்தது. மறுபடி பாட்டில் வாங்கும்போது தாயாரம்மாள் எல்லார் எதிரிலும் சொன்னாள்:

"தோ பாரு, இந்தத் தபாவும் இல்லன்னா உன்ன உங்கம்மா வூட்ல உட்டுட்டு, எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துடுவேன்."

ஜெயப்பிரியா பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அங்கேயே மாமரத்தடியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள்.

"ஏ பொண்ணே! கண்ணு அவிஞ்சி பூடும்!" என்று சாமி கத்தினார்.

"வாழ்க்கையே போவப்போவுது. கண்ண வச்சிக்கினு இன்னா பண்றது சாமி?"

நான் முண்டியடித்து முன்னால் போய் நின்றேன். கண் போவதை நேரில் பார்க்காமல் விடுவேனா?

கண் போகவில்லை. வெட்டுக்கிளி உடம்பை வளைத்தது. வாயை வால்புறத்துக்குக் கொண்டுபோய், முத்தைக் கடித்து நிதானமாக மென்றது.

"அய்ய, துண்ணுதுக்கா!" என்றாள் பாட்டிலோடு நின்ற சிட்டம்மாள்.

சாமி அசரவில்லை. "அம்மனே வந்து சாப்புடறா!"

"அப்டியா? எல்லாரும் துணிய அவுத்துப் பாருங்க" என்றாள் ஜெயப்பிரியா.

துணிகள் அவிழ்ந்தன. பாட்டிலுக்குப் பாட்டில் அம்மன் மென்றுகொண்டிருந்தாள். சாமி ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி வேலிப்பக்கம் போனார், இன்னும் திரும்பவில்லை.

"இன்னாடி இது?" என்றாள் தாயாரம்மாள்.

"காலேஜ்ல படிச்சது அத்தே. முன்னாடியே சொன்னேன், யாரு கேட்டீங்க? சேரும்போது ஆம்பளப் பூச்சி விதையும் தீனியும் சேத்து பொம்பள வால்ல ஒட்டி வச்சிடும், அதான் இந்த முத்து. பொம்பள தீனியத் துண்ணுகினு கீற நேரத்துல விதை உள்ள பூடும். துண்ணது அவளுக்கும் முட்டைக்கும் சத்து. சாயங்காலம் வரைக்கும் எப்டி மிச்சம் இருக்கும்?" கொஞ்சம் நிறுத்தினாள். "பூச்சில கூட ஆம்பள தன் பங்கக் குடுக்குது. உங்க புள்ள டெஸ்ட்டுக்குன்னா ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டேங்கறாரு. தோஷம் மட்டும் எனக்கா?"

தாயாரம்மாள் போனை எடுத்தாள். "டே வெங்கடேசா, நாளைக்கு லீவு போடு. அவகூட ஆஸ்பத்திரிக்குப் போற நீ."

தன் வயிற்றுக்கு எது வேண்டும் என்று ஒரு பூச்சிக்குத் தெரிகிறது. நமக்குத்தான் அதைச் சொல்ல ஒரு சாமி வேண்டியிருக்கிறது. அடுத்த சாமி வந்து இறங்குவதற்குள் கொஞ்சம் யோசித்துப் பழகுங்கள், தாய்மார்களே. பழகியதும் எனக்கும் சொல்லிக்கொடுங்கள்.