கருத்தக்கண்ணன் ஏரோப்ளேனுக்குப் பிடி தேடியது

கம்பத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். "ஏரோப்ளேன் வீடு எது?" என்றால் சின்னப் பிள்ளைகூட கையைக் காட்டும். காட்டிவிட்டுச் சிரிக்கும். அந்தச் சிரிப்பின் காரணத்தை அவர்கள் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். என் வாயால் சொன்னால் கொஞ்சமாவது என் பக்கம் பேசலாம் அல்லவா?

யுவ வருஷம் தை மாசம் ஏரோப்ளேன் கட்டுவது என்ற தீர்மானத்தை எடுத்தேன். மதுரைக்குப் போன இடத்தில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கையில் சிக்கியது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கொட்டகையிலேயே மரச்சட்டமும் துணியும் வைத்து ஏரோப்ளேன் கட்டி, அதில் ஏறிப் பறந்தும் விட்டானாம். படத்தோடு அளவும் அச்சடித்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அர்த்தம் பாதி வரும். மீதியைப் படத்தைப் பார்த்து நானே நிரப்பிக்கொண்டேன்.

அவனுக்கு ஒரு கொட்டகை. எனக்கும் ஒரு கொட்டகை. என்ன, அவன் கொட்டகையில் மாடு கிடையாது.

"அப்ப செவலையை எங்கன கட்டுறது?" என்றாள் என் மனைவி முருகம்மாள்.

"வேப்பமரத்தடியில கட்டு."

"ஆனி ஆடியில சாரல் அடிக்குமே? அது சினை மாடுங்க."

"ஆனி பொறக்குறதுக்குள்ள நான் பறந்துருவேன்."

"பறந்து எங்கன போவீக?"

"கூடலூருக்கு."

"அதுக்குத்தான் பஸ் ஓடுதே."

இப்படிப்பட்ட பெண்பிள்ளையோடு குடும்பம் நடத்துகிறவன் எப்படி மேலே போவான், சொல்லுங்கள்!

ஆனாலும் கட்டினேன். மூங்கிலும் தேக்குச் சட்டமும் பிச்சைமணி ஆசாரி இழைத்தார். றெக்கைக்குக் காடாத் துணி, எதிர்வீட்டு ஜெபமணி கடையில் எடுத்தது. துணி விறைப்பாக நிற்க ஏதோ மருந்து பூசச் சொல்லியிருந்தான் வெள்ளைக்காரன். அந்த மருந்து நம் பக்கம் கிடைக்கவில்லை. முருகம்மாள் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். நன்றாகத்தான் விறைத்தது. செவலை மட்டும் வந்து வந்து ஏரோப்ளேன் வாலை நக்கிவிட்டுப் போகும். குமுளிப் பக்கம் ஓர் எஸ்டேட் துரை கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றி முன்னால் மாட்டினோம். அது போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வைகாசியில் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. அதுதான் சங்கடமாகப் போயிற்று.

ஆள் இல்லாத நேரம் பார்த்து, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, அதில் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தேன். தரை இடுப்பளவு கீழேதான் இருந்தது. அதற்கே எனக்குக் கிறுகிறு என்று வந்துவிட்டது. தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றுகிறவன் நான். இதைத் தை மாசத்திலேயே யோசித்திருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அழுதுவிடுவேன்.

இறங்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் ஏரோப்ளேனைத் திருப்புகிற குச்சி கண்ணில் பட்டது. குச்சி என்றால், இரண்டு காலுக்கும் நடுவே நிற்கிற ஓர் இரும்புக் குழாய். முன்னால் தள்ளினால் இறங்கும், பின்னால் இழுத்தால் ஏறும். அதன் தலை மொட்டையாக இருந்தது. பத்திரிகையைப் புரட்டினேன். 'குச்சிக்கான பிடியை ஓட்டுகிறவன் தன் கைக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிடி பொருந்தினால்தானே பறக்க வேண்டும்? பொருந்தாவிட்டால்?

முதலில் எடுத்தது எங்கள் வீட்டுத் திருகையின் பிடிதான். கேப்பை அரைக்கிற திருகை. கல்லில் இருந்து பிடுங்கிக் குழாயின் வாயில் செருகினால் அளவெடுத்த மாதிரி நின்றது. ஐயையோ, பொருந்தித் தொலைக்கிறதே என்று பயந்து சுத்தியலால் ரெண்டு போடு போட்டேன். பிளந்துவிட்டது.

"திருகைப் பிடியை என்ன செஞ்சீக?"

"சோதிச்சேன். சரியில்ல."

"இனி நான் கேப்பையை எதை வச்சு அரைப்பேன்?"

"புதுசு செஞ்சு தாரேன்."

செய்து தரவில்லை. கேப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் தினமும் ஜெபமணி வீட்டுக்குப் போய் அரைத்து வந்தாள். சண்டைக்குக்கூட வரவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பிறகு கலப்பையின் மேழியைச் செதுக்கி வைத்துப் பார்த்தேன். கனம் என்றேன். மலையிலிருந்து ஈட்டிமரம் வரவழைத்தேன். குளிர்ச்சி என்றேன். காளைக் கொம்பு வாடை அடிக்கிறது என்றேன். ஜெபமணி தன் சைக்கிள் கைப்பிடி ரப்பரை உருவிக் கொடுத்தார். ஒல்லி என்றேன். தன் குடைக்காம்பையே ஒடித்துக் கொடுத்தார் அந்த மனுஷர். அதில் வளைவு சரியில்லை என்றேன்.

"அண்ணாச்சி, முழு ஏரோப்ளேனையும் முடிச்சுப்புட்டு ஒரு கைப்பிடியில போயி நிக்கிறீகளே?" என்றார் ஜெபமணி.

"என்ன ஜெபமணி, விவரம் தெரியாமப் பேசுறீரு! மேல போனா பிடிச்சுக்கிற அது ஒண்ணுதான் இருக்கு. பிடி தப்புனா ஆளு தப்பிருவான்ல?"

"அதுவும் சரிதான்."

வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்த முருகம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, சரியான பிடி கெடைச்சுட்டா என்ன செய்வீக?"

"அன்னைக்கே பறப்பேன்!"

"பறக்கலேன்னா?"

ஜெபமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போனவர்கள் வேறு நின்றுவிட்டார்கள். ஆம்பிளை என்ன செய்வான்?

"பறக்கலேன்னா கொட்டகை உன் செவலைக்கு! ஏரோப்ளேனை வேப்பமரத்தடியில போட்டுர்றேன். போதுமா?"

"போதுங்க," என்று மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆனி பிறந்தது. சாரலும் காற்றும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. நிறைமாதச் சினையோடு செவலை மரத்தடியில் நடுங்கிக்கொண்டு நின்றது. முருகம்மாள் சாக்கைப் போர்த்திவிட்டு, அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நிற்பாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கொட்டகையைக் காலி செய்துவிடலாம் என்று வாய்வரை வரும். அப்புறம் கடைவீதியில் என் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது? விழுங்கிவிடுவேன்.

ஒருநாள் மத்தியானம் களி போட்டாள். கருவாட்டுக் குழம்பு. நான் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணு வெளங்கலங்க," என்றாள். "அந்தப் பிடி எப்படித்தான் இருக்கணும்?"

பொறுமையாக, மரியாதையாகக் கேட்டாள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? தட்டிலிருந்து ஒரு களி உருண்டையை எடுத்தேன். நீளவாக்கில் உருட்டி இறுக்கிப் பிடித்தேன்.

"இந்தா பாரு! விரலுக்கு விரல் பள்ளம் விழுந்துருக்கா? பெருவிரல் இங்கன படுத்துருக்கா? என் சுண்டுவிரல் கோணல் இருக்குல்ல, அதுக்குத் தக்கன இங்கன ஒரு சரிவு. இந்தக் களி எப்படி இருக்கோ அப்படியே கட்டையில வரணும். எந்த ஆசாரிக்கு வரும்?"

"ஆமாமா, யாருக்கு வரும்!" என்றவள் கையை நீட்டினாள். "குடுங்க, ஆறிப்போச்சு. செவலைக்குப் போட்டுர்றேன்."

கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன், சாமி!

அதை மறந்தே போனேன். வெயில் தலை காட்டிய ஒரு காலையில் வெளியே வந்தால் வாசலில் கூட்டம். ஜெபமணி நிற்கிறார். பிச்சைமணி ஆசாரி நிற்கிறார். பாதித் தெரு நிற்கிறது. முருகம்மாள் முந்தானையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தாள்.

பிடி. கருவேலங்கட்டையில் கடைந்து, எண்ணெய் பூசி மினுக்கியிருந்தது. என் விரல்கள் என்னைக் கேட்காமலே அதில் போய் உட்கார்ந்தன. பெருவிரல் படுத்துக்கொண்டது. கோணல் சுண்டுவிரலுக்குக்கூட ஒரு சரிவு. என் கையில் பிறந்து வளர்ந்தது போல இருந்தது.

"கனமா இருக்கோ?" என்றார் ஆசாரி.

"இ... இல்ல."

"வழுக்குதோ?"

"இல்ல."

"வாடை?" என்றார் ஜெபமணி. அவர் குடைக்காம்பை இன்னும் மறக்கவில்லை.

மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. "அளவு யாரு குடுத்தா?" என்று ஈன சுரத்தில் கேட்டேன்.

"நீங்கதான் குடுத்தீக, களியில," என்றாள் முருகம்மாள். "நெழல்ல காயவச்சு ஆசாரிகிட்டக் குடுத்தேன். அச்சுப் பிசகாமச் செஞ்சு தந்துட்டாக."

"அது செவலைக்குப் போடலையா?"

"செவலைக்காகத்தான் குடுத்தேன்."

ஏரோப்ளேனைக் கூட்டமே தள்ளிக்கொண்டு போயிற்று. சந்தைப் பொட்டலில், புளியமரத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். யாரோ மாலை போட்டார்கள். பலியாட்டுக்கும் முதலில் மாலைதான் போடுவார்கள் என்று எனக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. ஏற்றி உட்கார வைத்தார்கள். குழாயில் பிடியைச் செருகிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி முன்னால் இருந்த காற்றாடியை ஒரு சுழற்றுச் சுழற்றினார். எஞ்சின் அலறியது.

சுருளி மலை வேலப்பா! முருகா! ஜெபமணியின் கர்த்தரே! ஒரு சாமியை விடாமல் கூப்பிட்டேன். ஏரோப்ளேன் ஆடியது, உதறியது, புழுதியைக் கிளப்பியது. ஆனால் நகரவில்லை. ஓர் அடிகூட நகரவில்லை.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். செவலையைக் கட்டுகிற கயிறு, ஏரோப்ளேன் வாலில் ஒரு முனை, புளியமரத்தில் ஒரு முனை. அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

சந்தோஷத்தை உள்ளே அமுக்கிக்கொண்டு எழுந்து நின்று கர்ஜித்தேன்.

"ஏலே! எவன்டா கயித்தைக் கட்டுனது? இந்நேரம் கூடலூர்ல எறங்கியிருப்பேன்டா! பறக்கப் போறவனைக் கட்டிப் போட்டீகளே, பாவிகளா! அவன் மட்டும் என் முன்னால வரட்டும்!"

"அடடா, பாவம்!" என்று கூட்டத்தில் நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இன்னும் ரெண்டு திட்டு திட்டிவிட்டுக் கௌரவமாக இறங்கிவிடலாம் என்று இருந்தேன்.

புளியமரத்துக்குப் பின்னாலிருந்து முருகம்மாள் வந்தாள்.

"நாந்தாங்க கட்டுனேன்," என்றாள் எஞ்சின் சத்தத்துக்கு மேலே. "மனசு கேக்கல. ஆனா நீங்க இம்புட்டு ஆசையா இருக்கையில நான் குறுக்க நிக்கலாமா? இந்தா, அவுத்துர்றேன்."

முடிச்சில் கையை வைத்தாள். உண்மையாகவே வைத்துவிட்டாள்!

"ஏ முருகு! வேணாம்! அவுக்காத தாயி! ஆத்தாடி, அவுக்காத! நான் செத்துருவேன்!"

அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் அந்த நேரம் பார்த்தா நிற்க வேண்டும்? 'வேணாம்' என்றபோதே அது நின்றுவிட்டது. மிச்சம் அத்தனையும் பொட்டல் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. ஜெபமணிதான் முதலில் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்தது. எனக்கு அந்தப் பொட்டல் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

முருகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "சரி, எறங்குங்க," என்றாள். இறங்க முடியவில்லை. கை பிடியை விடமாட்டேன் என்றது. அவளே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கோணல் சுண்டுவிரலைக் கடைசியாக எடுத்தாள். "எனக்குத் தெரியாதா உங்களை?" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஊர் சிரித்ததைவிட அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. பிடியைக் குழாயிலிருந்து உருவி முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள். தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனேன்.

செவலை கொட்டகைக்குள் போயிற்று. அந்த வாரமே கிடாரிக் கன்று போட்டது. ஏரோப்ளேன் வேப்பமரத்தடியில் சாரலில் நனைகிறது. புளியங்கொட்டைப் பசை ஊறி ஒழுகுகிறது. செவலை அவ்வப்போது வந்து நக்கிவிட்டுப் போகிறது. நான் சந்துவழியாகத்தான் கடைவீதிக்குப் போய்வருகிறேன்.

சீம்பால் தின்று ஓய்ந்த பிறகு ஒருநாள் காலையில் பார்க்கிறேன், முற்றத்தில் திருகை. அதன் குழியில் என் பிடி கச்சிதமாக நின்றது.

"அட, நல்லாப் பொருந்துதே!" என்றேன். என் ஏரோப்ளேனில் ஏதோ ஒன்றாவது உபயோகப்பட்டதே என்று எனக்கு ஒரு திருப்தி.

"பொருந்தாம? அன்னைக்குத் திருகைப் பிடியைக் குழாயில செருகி, ரெண்டு குழியும் ஒரே அளவுன்னு நீங்கதான காட்டிக் குடுத்தீக. அடிக்கட்டையைத் திருகைக்குத் தக்கன சீவச் சொல்லித்தான் ஆசாரிகிட்டக் குடுத்தேன்."

"சரி, இனி ஜெபமணி வீட்டுக்கு அலைய வேணாம். உக்காந்து அரை."

"நான் எப்படிங்க அரைக்கிறது?" என்று தன் சின்னக் கையை அந்தப் பள்ளங்களில் வைத்துக் காட்டினாள். ஒரு விரலும் பொருந்தவில்லை. "இது உங்க கைக்குன்னே செஞ்சதுல்ல?"

கேப்பையை அள்ளித் திருகையின் வாயில் போட்டாள். என் பக்கமாக ஒரு மணையை நகர்த்தி வைத்தாள்.

"பயப்படாமச் சுத்துங்க. இது தரையை விட்டு எந்திரிக்காது."