பிள்ளையார் சுழியும் ஜெயப்பிரியாவின் டப்பாவும்

உ

கோவில்பட்டி,
திங்கட்கிழமை

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு, செல்லத்துரை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி வெயிலுகந்தம்மாளும் மகள் ஜெயப்பிரியாவும் சுகம். மழை இல்லாமல் காட்டில் உளுந்து காய்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. சென்னையில் நீங்களும் அக்காவும் மருமகன் மணிராஜும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் ஒன்பது வார்த்தை குறுக்கே போடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

போன கோயில் கொடையில், பந்தி நடுவே, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நீங்கள் சொன்னீர்கள்: “கம்ப்யூட்டர் வேலைன்னா மெட்ராஸ்ல பாக்கணும் மாப்ளே. கோவில்பட்டியில உக்காந்து பாத்தா அதுக்குப் பேரு வேலையா? என் மவன் மாதிரி ஏசி ரூம்ல இருக்கணும்.” நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இன்றைக்குச் சும்மா இருப்பதாக இல்லை.

எங்கள் தீப்பெட்டிச் சங்கத்தில் ஆர்டர் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிவு செய்தது உங்களுக்கே தெரியும். அந்த வேலைக்குப் போட்டி போட்டது உங்கள் மணிராஜ் வேலை பார்க்கிற கம்பெனி ஒரு பக்கம், என் மகள் தனியாளாக ஒரு பக்கம். “இது கிடைக்கலன்னா நானும் மெட்ராஸ்க்கே போயிருதேம்ப்பா, இங்கன இருந்து என்ன செய்ய” என்று பிள்ளை சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் செய்து வைத்திருந்தது என்ன தெரியுமா? புரோகிராமை ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவாள். அதற்குப் பெயர் கன்டெய்னர். (தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி பேசவா என்று நான் கேட்டது வேறு கதை.) உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது. எந்த ஆபீஸ், எந்தப் பாஸ்வேர்டு, சோதனை ஓட்டமா நிஜ ஓட்டமா என்பதெல்லாம் வெளியே தனியாக ஒரு பைலில் இருக்கும். “நம்ம தீப்பெட்டி மாதிரிதாம்ப்பா. குச்சியும் மருந்தும் ஒண்ணுதான். வடக்க போற பண்டலுக்குக் கோழி லேபிள், ஆந்திராவுக்கு மீன் லேபிள். லேபிள மாத்தறதுக்காவ பெட்டியப் பிரிச்சா செய்யுதோம்?” என்றாள். எனக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. வெளியேதானே இருக்க வேண்டும் என்று அந்தப் பைலை அச்செடுத்து, பாஸ்வேர்டோடு சேர்த்து, எங்கள் தீப்பெட்டி பாக்டரி கேட்டில் ஒட்டிவிட்டேன். என் மகள் வேலையை நாலு பேர் பார்க்கட்டுமே! மறுநாள் பால் ஊற்ற வந்தவர் பாஸ்வேர்டை மனப்பாடமாக ஒப்பித்ததும் பிள்ளை பதறி ஓடி அதைக் கிழித்தாள். “வெளியன்னா தெருவுலயாப்பா?” என்று கேட்டுவிட்டு அத்தனையையும் புதிதாக மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் கூட்டம். காலையில் பிள்ளை குளிக்கப் போயிருந்தாள். கம்ப்யூட்டரில் அந்தப் பைல் திறந்து கிடந்தது. பார்த்தேன், மேலே பிள்ளையார் சுழி இல்லை. சலவைக்குப் போடுகிற துணிக்கணக்கைக்கூட நாம் சுழி போடாமல் எழுதினதுண்டா மச்சான்? இவ்வளவு பெரிய காரியத்துக்கு மொட்டையாகவா போவது? சங்கத்துச் சுற்றறிக்கை அடிக்க அவளே எனக்குத் தமிழ் எழுத்து பழக்கிக் கொடுத்திருக்கிறாள். முதல் வரியில் அழகாக ஒரு ‘உ’ அடித்து, சேமித்தும் வைத்துவிட்டேன். மனசு நிறைந்துபோனது.

கூட்டத்தில் முதலில் மருமகன் மணிராஜ், டை கட்டிக்கொண்டு, சென்னையிலிருந்து வீடியோவில், சுவரில் தெரிந்தான். நன்றாகத்தான் பேசினான், இல்லை என்று சொல்லமாட்டேன். தலைவர் வன்னியபெருமாள் அண்ணாச்சி, “எல்லாஞ் சரி தம்பி, இதுல பெட்டிக் கணக்கா வருது. எங்களுக்குப் பண்டல் கணக்கு வேணும். இப்பம் மாத்திக் காட்டும் பாப்போம்” என்றார். “அதுக்கு எழுதிக் குடுக்கணும் சார், மூணு வேலை நாள் ஆகும்” என்றான். அடுத்தது ஜெயப்பிரியா. பட்டனைத் தட்டினாள். டப்பா எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். சிவப்பாக ஏதோ எழுத்து வந்ததே ஒழிய வேறு அசைவு இல்லை. சபையில் செருமல் கேட்டது.

பிள்ளை அந்தச் சிவப்பு எழுத்தை வாசித்தாள், பைலைத் திறந்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். “அப்பா, இதுல கை வச்சீங்களா?”

“நல்ல காரியம்னு ஒரு சுழி போட்டேம்மா.”

“ஒவ்வொரு வரியிலயும் பேரும் மதிப்பும் இருக்கணும்ப்பா. வெறும் உ-ன்னு நின்னா, இது என்னன்னு தெரியாம நின்னு போவுது.”

லேபிள் அச்சாபீஸ் மைதீன் அண்ணாச்சி எழுந்தார். “நல்ல வேள! என் கையில கெடச்சிருந்தா பக்கத்துலயே 786-ஐயும் போட்டிருப்பேன்” என்றார். சபை கொல்லென்று சிரித்தது. நான் தலையைத் தொங்கப் போட்டேன். பிள்ளை நினைத்திருந்தால் அதை ஒரு தட்டில் அழித்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் # என்று ஒரு குறி போட்டாள். “இது முன்னால நின்னா அந்த வரியை வாசிக்காமத் தாண்டிப் போயிரும்ப்பா. பிள்ளையார் அங்கனயே இருக்கட்டும்” என்றாள். மைதீன் அண்ணாச்சி, “அப்பம் எனக்கும் ஒண்ணு போடும்மா” என்று கேட்டு, அவருக்கும் ஒரு வரி வாங்கிக்கொண்டார். டப்பா எழுந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான், துண்டால் துடைத்துக்கொண்டேன்.

வன்னியபெருமாள் அண்ணாச்சி விடவில்லை, அதே பண்டல் கணக்கை இவளிடமும் கேட்டார். “பைல்ல பெட்டின்னுதான் இருக்கு அண்ணாச்சி. இப்பம் ஓட்டும்போது பண்டல்னு கையால குடுக்கேன். டப்பாவுக்குள்ள இருக்கதை பைல் அமுக்கும், பைல்ல இருக்கதைக் கடைசியில கையால குடுக்குறது அமுக்கும்” என்று சொல்லி ஒரே ஒரு வரி அடித்தாள். சுவரில் பண்டல் கணக்கு வந்து நின்றது. “எங்க வீட்லயும் அதான் நடைமுறை, கடைசியில அவ சொல்லுததுதான் நிக்கும்” என்றார் தலைவர். அங்கேயே எல்லோரும் கை தூக்கி, வேலையை ஜெயப்பிரியாவுக்கே கொடுத்துவிட்டார்கள். வெளியூருக்குப் போகத் தேவையில்லாத வேலை. கோவில்பட்டியில், என் வீட்டு மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை. என் மகள் மச்சான், என் மகள்! ஏசி ரூமைப் பற்றி இனி பந்தியில் பேசும்போது பார்த்துப் பேசுங்கள். மணிராஜைத் திட்ட வேண்டாம். சின்னப் பையன், சென்னையில் இருப்பதால் விவரம் பற்றவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகன் மெட்ராஸிலேயே குளுகுளுவென்று நெடுங்காலம் வேலை பார்க்க உங்கள் குலசாமி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நடக்கும் உங்கள் மாப்பிள்ளை,
செல்லத்துரை

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஜெயப்பிரியா வந்து ஒரு விஷயம் சொன்னாள். கூட்டம் முடிந்ததுமே மணிராஜ் அவளைக் கூப்பிட்டு, “உன்கிட்ட எனக்கு ஒரு வேலை குடுப்பியா” என்று கேட்டானாம். இவளும் சரி என்றாளாம். அவன் கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டானாம். லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருப்பான். அவன் லீவுக்கு வரவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் வீட்டில் இட்லி தின்றுகொண்டிருப்பான். “போன்ல சொன்னா மாமா கத்துவாவ. அவிய மனசு நோகாம, நீங்கதான் பதமா ஒரு லெட்டர் எழுதணும்ப்பா” என்கிறாள். வேறு தாள் எடுக்கலாம் என்றால் கூரியர்க்காரர் வாசலில் நிற்கிறார். ஆகவே மேலே உள்ளதை வாசிக்காமல் இதை மட்டும் வாசிக்கவும். இதைவிடப் பதமாக எழுத எனக்குத் தெரியவில்லை, மச்சான்.