சைலன்சரில் உருகிய மழைக்கால்சட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூவரும் நலம். உன் வண்டியும் ஏறக்குறைய நலம். அந்த ஏறக்குறையவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அப்பா உன் வண்டியை எமவாகனம் என்று சொல்ல, நீ சண்டை போட்டுக்கொண்டு போனதிலிருந்து எங்கள் போனை எடுப்பதில்லை; ஆகவே தபால். சனிக்கிழமை வருவேன், வண்டியில் ஒரு கீறல் இருந்தாலும் அன்றே எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். கீறல் இருக்கிறது. இருந்தாலும் வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மழையில் நூலகத்துக்கு உன் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். என் பிளாஸ்டிக் மழைக்கால்சட்டை சூடான சைலன்சரில் பட்டு உருகி, ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பாக அப்பிக்கொண்டது. ஏற்கெனவே அங்கே சேறும் எண்ணெயும் வெந்து காய்ந்திருந்தன. அம்மா குனிந்து பார்த்து, “எவர்சில்வர்தானே? அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரிதான். நகரு” என்றார். குழாயின் வாயில் தண்ணீர் போகாமலிருக்க அப்பாவின் பழைய பனியனைத் திணித்து, சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி, மூன்று மணி நேரம் ஊறவைத்து, பிறகு கம்பி நார் எடுத்து வட்டவட்டமாகத் தேய்த்தார். சேறு போயிற்று, எண்ணெய் போயிற்று, பளபளப்பும் போயிற்று. கால்சட்டை மட்டும் அப்படியே இருந்தது.

மெக்கானிக்கை அழைத்துவந்தோம். அவர் வண்டியைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். “யாரு வட்டமா தேய்ச்சது? நீளவாக்குல இல்ல தேய்க்கணும்?” அம்மா அசரவில்லை. “முப்பது வருஷமா நான் வட்டமாத்தான் தேய்க்கிறேன். எந்தப் பாத்திரமும் குறை சொன்னதில்ல.” லேசாகச் சூடாக்கினால் பிளாஸ்டிக் இளகும், மரத்தால் சுரண்டிவிடலாம் என்று சொல்லி அவர் எஞ்சினை முடுக்கினார். பனியனை எல்லோரும் மறந்திருந்தோம். இரண்டு முறை இருமிவிட்டு, மூன்றாவது முறை வண்டி அதைத் துப்பியது. அது எதிர்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதியின் மடியில், விரித்திருந்த செய்தித்தாளின் மேல் போய் விழுந்தது. “இது யாரோடது?” என்று அவர் கேட்டார். விசாரணை இன்னும் முடியவில்லை. அப்பா வாசற்படியிலேயே நின்று, “குளிர்ல ரெண்டு தடவ திணறும், அப்புறம் பிடிச்சுக்கும்” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், “கேள்விப்பட்டேன்” என்றார்.

மரக்கரண்டியால் சுரண்டியதில் கால்சட்டை ஒருவழியாக உரிந்து வந்தது. சூடு ஆறியதும் மெக்கானிக் மெருகேற்றும் பசையை நீளவாக்கில் தேய்த்துக் கொடுத்தார். சைலன்சரில் முகம் தெரிந்தது. புறப்படும்போது, “ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சுத்தமா துடைச்சிடுங்க” என்று மட்டும் சொன்னார். அம்மா ஆசையாகக் கையை விரித்து அதன்மேல் ஒருமுறை தடவினார். யாரோ ஒருவர், அது நானாகவே இருக்கட்டும், துடைக்காமல் எஞ்சினை ஓடவிட்டுவிட்டேன். கைப்பிசுக்கு சூட்டில் வெந்து, அம்மாவின் ஐந்து விரல்களும் உள்ளங்கையும் தங்கப் பழுப்பில் சைலன்சரில் பதிந்துவிட்டன. மறுபடி மெக்கானிக்கிடம் ஓடினேன். “இனி அது போகாது, தங்கச்சி. டிசைன்னு சொல்லிடுங்க” என்றார். டிசைன் என்றே வைத்துக்கொள். எனக்கு நூலகம் போக வேறு வழியில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போ.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. இதை எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: மேலே இருப்பது அப்பா படித்து, இரண்டு இடத்தில் திருத்தி, சரி என்று சொன்ன கடிதம். இதைத் தபால் பெட்டியருகே நின்று எழுதுகிறேன். எனக்கு சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாதென்பது உனக்கே தெரியும். மழைக்கால்சட்டை அவருடையது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம். நீ போன மறுவாரத்திலிருந்து தினமும் காலையில் வண்டியை எடுக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து விசிலடித்துக்கொண்டு திரும்புகிறார். அவருக்கு விசிலடிக்க வரும் என்று அம்மாவுக்கே இத்தனை வருடம் தெரியாதாம். சனிக்கிழமை வந்தால் சாவியைக் கேட்காதே. பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வா. நிதானமாகத்தான் ஓட்டுகிறார், வளைவுகளில் தவிர.